நாங்கள் கொடுத்த நங்கூரம்

(படகுத் தொழில் செய்யும் குடும்பங்களுக்கு உபகரணங்கள் வழங்குவதை ஒட்டி மயிலாப்பூரில் நடந்த கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



இந்த மேடையில் வழக்கமாகக் கல்வி உதவித்தொகை, மருத்துவ முகாம், ரமலான் அரிசிப் பை இவற்றைப் பற்றித்தான் பேசுவோம். இன்று நங்கூரம் பற்றிப் பேச்சு என்று அறிவித்ததும் பின் வரிசையில் சிலர் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. சிரிக்கலாம். நம் மஹல்லாவில் படகை நம்பி அடுப்பு எரியும் வீடுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். ஆனாலும் பழவேற்காட்டில் உறவு உள்ளவர்கள், பட்டினப்பாக்கம் பக்கம் படகில் கூலிக்குப் போகும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். நொச்சிக்குப்பத்திலிருந்தும் ஊரூர் குப்பத்திலிருந்தும் நம் அழைப்பை மதித்து வந்திருக்கும் மீனவச் சகோதரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் ஒரு கணக்கு ஒப்படைக்க வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு வாழ்வாதார உதவியில் எட்டு ஃபைபர் படகுகளுக்கு நங்கூரமும் கயிறும் வாங்கிக் கொடுத்தோம். ஜகாத் கணக்கிலிருந்து அல்ல, பொது ஸதக்கா நிதியிலிருந்து. படம் எடுத்தோம், இதே மலரில் போட்டோம். கடைக்குப் போனவர்கள் கேட்டது இரண்டே கேள்வி: ஒன்று எத்தனை கிலோ, எட்டு சேர்த்து வாங்கினால் எவ்வளவு குறையும்? யார் எங்கே தொழில் செய்கிறார்கள், அங்கே கடலடி மணலா சேறா, எத்தனை ஆழம், படகில் அதை வைக்க இடம் இருக்கிறதா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

கார்த்திகையில் ஒரு ராத்திரி, அந்த எட்டுப் படகுகளில் ஒன்று பட்டினப்பாக்கத்துக்கு நேரே எட்டுப் பாகம் தண்ணீரில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தது. பாகம் என்றால் இரண்டு கைகளையும் விரித்த நீளம், ஏறக்குறைய ஆறு அடி. படகில் இருந்தவர்கள் இரண்டே பிள்ளைகள், இருவருக்கும் இருபது தாண்டவில்லை. நள்ளிரவுக்குச் சற்று முன் எஞ்சின் நின்றுபோனது. இழுத்து இழுத்துப் பார்த்தும் பிடிக்கவில்லை. பயப்படாமல் நங்கூரத்தை இறக்கினார்கள். செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். ஆனால் நங்கூரம் பிடிக்கவில்லை. மழைக்காலத்தில் நம் கரையோரம் நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும் என்பது தெரிந்ததே. வாடைக் காற்றும் சேர்ந்துகொண்டது. நங்கூரம் மணலில் உரசிக்கொண்டே வர, படகு போய்க்கொண்டே இருந்தது. ஃபஜ்ரு நேரத்தில் வேறொரு படகுக்காரர் கண்டபோது நீலாங்கரைக்கு நேரே, கரையிலிருந்து வெகுதூரம் போயிருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், இரண்டு பிள்ளைகளும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் அதில் ஒரு பிள்ளையின் தாயார் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "பாய், நீங்க குடுத்த நங்கூரந்தானே? அது பிடிக்கும்னு நம்பித்தானே அவன் எஞ்சினை விட்டுட்டு அதை இறக்கினான்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. இன்றைய பேச்சு அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

அதற்குப் பிறகுதான் விசாரிக்கத் தொடங்கினோம். ஊரூர் குப்பத்தில் வயதான மீனவர் ஒருவரிடம் எங்கள் நங்கூரத்தைக் கொண்டுபோய்க் காட்டினோம். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாய், இது பாரைப் புடிக்கிற ஆளு. மணல்ல இது என்னாத்த புடிக்கும்?" என்றார். பிறகு கயிற்றின் நீளத்தைக் கேட்டார். பதினாலு பாகம் என்றோம். அவர் சிரித்த சிரிப்பை மேடையில் சொல்ல முடியாது.

நாங்கள் வாங்கியது நான்கு கொக்கி வைத்த இரும்பு நங்கூரம். கம்பியை வளைத்துப் பற்றவைத்தது, எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். கடலடியில் பாறைத் திட்டு, அதாவது மீனவர்கள் பார் என்று சொல்லும் இடத்தில் அது இடுக்கில் மாட்டிக்கொண்டு நன்றாகவே பிடிக்கும். மணலிலும் சேற்றிலும் அந்த ஒல்லிக் கம்பிகள் கோடு கிழித்துக்கொண்டு வருமே தவிர நிற்காது. மணலுக்கு வேண்டியது அகலமான அலகு. தட்டையான இரண்டு அலகுகள் தண்டில் மடங்கி நிமிரும்படி அமைந்த ஒன்று இருக்கிறது, கடையில் டான்ஃபோர்த் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் ரிச்சர்ட் டான்ஃபோர்த் என்பவர் அமைத்தது. படைகளைக் கரையிறக்கும் படகுகளுக்கு அதைப் பயன்படுத்தினார்கள். எடை குறைவு, பிடி அதிகம். 28 அடி ஃபைபர் படகுக்கு 8 முதல் 10 கிலோ போதும். அது மணலில் புதைந்துகொண்டு, கொக்கி நங்கூரம் இரண்டு மடங்கு எடை இருந்தாலும் தராத பிடியைத் தரும். ஏர்க்கலப்பை மாதிரி ஒன்றும் உண்டு. அதை 1933இல் அமைத்தவர் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ஜி.ஐ.டெய்லர். அவருக்குப் பாய்மரப் படகோட்டும் பழக்கம் இருந்ததாம். கடலில் போகிறவரே யோசித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அது சாட்சி. நாங்கள் கடலில் போகாமல் யோசித்தோம்.

டான்ஃபோர்த்துக்கும் குறை உண்டு. பாரில் அது பயன்படாது, வழுக்கும், அல்லது மாட்டினால் திரும்பி வராது. நீரோட்டம் திசை மாறும்போது கழன்று, அலகுக்கு நடுவே ஒரு சிப்பியோ கல்லோ சிக்கிவிட்டால் மறுபடி புதையாது. ஆகவே சென்ற ஆண்டு கொடுத்த கொக்கி நங்கூரத்தை யாரும் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். அது இரண்டாவது நங்கூரமாகப் படகில் இருக்கட்டும். பார் பக்கம் தூண்டிலுக்குப் போகும் நாளில் அதுதான் உதவும். பாரில் போடும்போது கயிற்றை நேராக மேல் வளையத்தில் கட்டாமல், அடிப்பக்கம் கொக்கிகள் சேரும் இடத்தில் கட்டி, மேல் வளையத்தோடு மெல்லிய நூலால் மட்டும் இணைப்பது பெரியவர்களுக்குத் தெரிந்த வழி. மாட்டிக்கொண்டால் ஓங்கி இழுக்க நூல் அறும், நங்கூரம் தலைகீழாகக் கழன்று வரும். இளைஞர்களில் பலருக்கு இது தெரியவில்லை என்பதை விசாரித்ததில் கண்டுகொண்டோம்.

இனி கயிறு. உண்மையில் அன்றிரவு தோற்றது நங்கூரத்தைவிடக் கயிறுதான். தோட்டத்தில் மண்வெட்டியைப் பாருங்கள். பிடியைத் தாழ்த்தி இழுத்தால் மண்ணைக் கடிக்கும். பிடியைத் தூக்கி மேலே இழுத்தால் கழன்று வந்துவிடும். நங்கூரமும் அப்படியே. கயிறு நீளமாக இருந்தால் இழுப்பு தரையோடு தரையாக இருக்கும், அலகு ஆழமாகப் புதையும். குட்டையாக இருந்தால் ஒவ்வோர் அலைக்கும் படகு எழும்பும்போது நங்கூரத்தையும் மேலே பிடுங்கும். தண்ணீரின் ஆழத்தோடு படகின் முன்னணி தண்ணீருக்கு மேல் நிற்கும் உயரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அதைப் போல் ஐந்து மடங்கு கயிறு அமைதியான கடலுக்கு, காற்றடித்தால் ஏழு மடங்கு. எட்டுப் பாகம் தண்ணீருக்குக் குறைந்தது நாற்பது பாகத்துக்கு மேல் வேண்டும். நாங்கள் கொடுத்தது பதினாலு. இரண்டு மடங்குகூட இல்லை. பத்து கிலோவுக்குப் பதில் இருபது கிலோ இரும்பு கொடுத்திருந்தாலும் அந்தக் கயிற்றில் நின்றிருக்காது.

நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே மூன்று அல்லது ஐந்து மீட்டர் சங்கிலி வேண்டும். துத்தநாகம் பூசிய 8 மில்லிமீட்டர் சங்கிலி. அதன் பாரம் கயிற்றின் கடைசிப் பகுதியைத் தரையில் படுக்க வைக்கும், கல்லும் சிப்பியும் கயிற்றை அறுக்காமலும் காக்கும். கயிறு 12 மில்லிமீட்டர் நைலான் முறுக்குக் கயிறாக இருக்க வேண்டும். நைலான் ரப்பர் மாதிரி கொஞ்சம் நீண்டு கொடுக்கும், அலையின் அடியைத் தாங்கிக்கொள்ளும், தண்ணீரில் மூழ்கும். நாங்கள் வாங்கிய மலிவான பிளாஸ்டிக் கயிறு மிதக்கும். தளர்ந்தால் எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். வெயிலில் ஒரு கோடை கிடந்தால் நார் நாராகப் பிரியும். சங்கிலியைச் சேர்க்கும் ஷேக்கிளின் திருகாணியை ஒரு கம்பியால் கட்டிவிட வேண்டும். ஆட்டத்தில் அது தானாகக் கழன்ற கதைகளைக் குப்பத்தில் கேட்டோம்.

இங்கே ஒருவர் கை தூக்குகிறார். நம் கரையில் படகை மணலில் ஏற்றிவிடுகிறோமே, துறைமுகம் மாதிரி கடலில் நிறுத்துவதில்லையே, இவ்வளவு எதற்கு என்கிறார். நல்ல கேள்வி. மெரினா முதல் திருவான்மியூர் வரை நங்கூரம் தினமும் தேவைப்படும் பொருள் அல்ல. தூண்டில் நாளில் தேவை, அதைவிட எஞ்சின் நின்ற நாளில் தேவை. ஒற்றை எஞ்சின் படகுக்கு பிரேக் அது மட்டும்தான். ஓரிடத்தில் நின்றால் தேடுபவருக்குக் கண்டுபிடிக்க முடியும். நகர்ந்துகொண்டே போனால் தேட வேண்டிய கடல் மணிக்கு மணி பெரிதாகும். கடலோரக் காவல்படைக்கு 1554 என்ற எண்ணில் சொல்லும்போதும், நங்கூரம் போட்டு நிற்கிறோம் என்று சொல்ல முடிந்தால் வேலை பாதியாகக் குறையும். அந்த எண்ணைத் தொலைபேசியில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள். அடுப்பங்கரைச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

நங்கூரம் இழுபட்டால் என்ன ஆகும் என்பதை அடையாறு, பெசன்ட் நகர்க்காரர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 2012 அக்டோபர் 31, நிலம் புயல் மாமல்லபுரத்தை நெருங்கிய அன்று, சென்னைக்கு வெளியே நின்ற பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பலின் நங்கூரம் பிடி விட்டு, கப்பல் எலியட்ஸ் கடற்கரைப் பக்கம் தரைதட்டியது. நம் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினோமே, அந்தக் கப்பல்தான். அதில் இருந்த 37 பேரில் 22 பேர் உயிர்காப்புப் படகில் இறங்கினார்கள். படகு கவிழ்ந்தது. மீனவர்கள் அந்தக் கொந்தளிப்பிலும் போய்ப் பலரைக் கரை சேர்த்தார்கள். சிலரை உயிரோடு மீட்க முடியவில்லை. கப்பலிலேயே இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஏறத்தாழ பத்து நாள் கழித்துத்தான் கப்பலை இழுத்துப் போனார்கள். ஆயிரக்கணக்கான டன் இரும்புக்கே அந்தக் கதி என்றால் பதினாலு பாகம் பிளாஸ்டிக் கயிறு எம்மாத்திரம்?

நங்கூரத்தை இறக்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம். தூக்கி எறியக் கூடாது. சங்கிலி அதன் மேலேயே குவிந்து சிக்கும். முன்னணியிலிருந்து மெல்ல இறக்கி, தரை தொட்டதும் படகு பின்வாங்கப் பின்வாங்கக் கயிற்றை விட வேண்டும். முன்னணியில்தான் கட்ட வேண்டும். அவசரத்தில் பின்னால் கட்டிவிட்டால், எஞ்சின் பாரத்தில் ஏற்கனவே தாழ்ந்திருக்கும் பின்பக்கத்தை அலை ஏறி நிரப்பிவிடும். பிறகு கரையைப் பார்த்து இரண்டு அடையாளம் பிடிக்க வேண்டும். மெரினா கலங்கரை விளக்கமும் அதன் பின்னால் ஏதாவது ஓர் உயரமான கட்டிடமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்து வைத்தால், அரைமணி கழித்து அந்தக் கோடு கலைந்திருப்பது நங்கூரம் நகர்கிறது என்பதைக் காட்டிவிடும். அன்றிரவு பிள்ளைகள் அதைப் பார்க்கவில்லை. பிடித்துக்கொண்டது என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கயிறு எட்டாத ஆழ்கடலில் நங்கூரம் உதவாது. அங்கே ஒரு பழைய வலைச் சுருளையோ கித்தான் பையையோ முன்னணியிலிருந்து நீளக் கயிற்றில் தண்ணீரில் விட்டால், படகு அலைக்கு முகம் கொடுத்து நிற்கும், நகர்வும் குறையும்.

இப்போது படகில் வைக்கும் விஷயம். இதில்தான் எங்கள் இரண்டாவது தவறு. நங்கூரம் கொடுத்தோம், அதற்கு ஓர் இடம் கொடுக்கவில்லை. ஒரு படகில் அதை வலைக்கு அடியில் போட்டிருந்தார்கள். அவசரத்தில் எடுக்க வலையை எல்லாம் கலைக்க வேண்டும். இன்னொரு படகில் முன்னணிப் பலகை மேல் சும்மா வைத்திருந்தார்கள். கரையேறும்போது அலை தூக்கிப் போட்டதில் அது பறந்து வந்து, முன்னால் உட்கார்ந்திருந்த பையனின் முழங்காலுக்குக் கீழே கிழித்தது. ஒன்பது தையல். அந்தச் செலவையும் நாங்கள்தான் ஏற்றோம், ஏற்க வேண்டியதுதானே.

முன்னணியில் படகின் உட்பக்கம் நங்கூரத்தின் வடிவத்துக்கு இரண்டு மரக்கட்டை பதித்து, அதில் உட்கார வைத்து, சைக்கிள் டியூப் வாரால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். டியூப் வார் ஈரத்தில் இறுகாது, ஒரே இழுப்பில் அவிழும். டான்ஃபோர்த் மடங்கும் அலகு விரலை நசுக்கும், அலகையும் தண்டையும் சேர்த்துக் கட்டுவது நல்லது. கயிற்றைச் சுருட்டி வைக்காதீர்கள், சுருட்டியது சிக்கும். மீன் போடும் ஓட்டை கிரேட் ஒன்றை அதற்கென்று ஒதுக்கி, அடியிலிருந்து முன்னும் பின்னுமாக மடித்து மடித்துப் போடுங்கள். கடைசி முனையை முதலில் படகின் வளையத்தில் கட்டிவிட்டு மடிக்க வேண்டும். நாற்பது பாகம் கயிறும் சர்ரென்று ஓடி முனை கட்டாமல் கடலுக்குள் போய்விட்ட படகுகள் உண்டு. கிரேட்டின் மேல் எதையும் வைக்காதீர்கள், பெட்ரோல் கேனை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். பக்கத்திலேயே உறையில் ஒரு கத்தி இருக்கட்டும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தினால் நைலான் வருடக்கணக்கில் வரும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தூக்குச்சட்டியில் சோறு கட்டித் தருகிறீர்கள். தரும்போதே கயிற்றுப் பெட்டி படகில் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்களுக்குப் பதில் சொல்லாமல் எவரும் வாசல் தாண்ட மாட்டார்கள்.

மதரஸாவில் ஓதிய பழக்கம், ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நங்கூரம் என்ற நம் தமிழ்ச் சொல் பாரசீகத்தின் லங்கர் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஏழைகளுக்குச் சோறு போடும் லங்கருக்கும் அதே சொல்தான். கப்பலை நிறுத்துவதும் பசித்தவனை நிறுத்தி உட்கார வைப்பதும் எப்படி ஒரே சொல்லில் சேர்ந்தன என்பதை ஹஸரத்மார்கள் விளக்கட்டும். வாகனம் ஏறும்போது நம் பெரியவர்கள் ஓதும் நூஹ் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் துஆவில் கப்பல் ஓடுவதும் வருகிறது, நிலைகொள்வதும் வருகிறது. இந்தியாவுக்கும் அரபு நாட்டுக்கும் இடையே ஓடிய பழைய கப்பல்களின் கல் நங்கூரங்கள் துவாரகைக் கடலடியிலும் இலங்கையின் காலித் துறைமுகத்திலும் கிடைத்திருக்கின்றன. நீண்ட கல், மேலே கயிற்றுக்கு ஒரு வட்டத் துளை, கீழே மரக்கொம்பு செருக இரண்டு சதுரத் துளைகள். வெறும் கல் பாரத்தை நம்பாமல் கொம்பு செருகியிருக்கிறார்கள் பாருங்கள். அந்தக் காலத்து மாலுமிக்குத் தெரிந்தது எங்கள் கொள்முதல் குழுவுக்குத் தெரியவில்லை.

சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரைக்கு எத்தனையோ பேர் படகு கொடுத்தார்கள். நல்ல படகும் வந்தது, ஒரே மழைக்காலத்தில் வாய் பிளந்த படகும் வந்தது. அப்போது நாமே அதை விமர்சித்திருக்கிறோம். அதே தவறைச் சின்ன அளவில் நாங்களும் செய்தோம் என்று ஒப்புக்கொள்கிறோம்.

நிர்வாகக் குழு முடிவு செய்திருப்பது இது. எட்டுப் படகுகளுக்கும் புதிதாகத் தட்டை அலகு நங்கூரம், ஐந்து மீட்டர் சங்கிலி, ஐம்பது பாகம் நைலான் கயிறு, ஒரு கிரேட். நங்கூரத்தைவிடக் கயிற்றுக்கும் சங்கிலிக்கும்தான் செலவு அதிகம், கணக்கு பார்ப்பவர்கள் ஆச்சரியப்பட வேண்டாம். பழவேற்காடு ஏரியில் ஓடும் இரண்டு சிறு படகுகளுக்கு இத்தனை நீளம் வேண்டாம். அங்கே ஆழம் குறைவு, சேறு அதிகம். அவர்களிடம் கேட்டு இருபது பாகம் என்று குறைத்திருக்கிறோம். ஊரூர் குப்பத்துப் பெரியவர் கடைக்கு எங்களோடு வரச் சம்மதித்திருக்கிறார். அவர் கைவைத்துப் பார்க்காமல் இனி பில் போட மாட்டோம்.

சங்கிலி இன்னும் வந்து சேரவில்லை. வந்ததும் வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு இதே மண்டபத்தில் கயிற்றில் ஐந்து பாகத்துக்கு ஒரு நிற நூல் கட்டும் வேலை இருக்கிறது. இருட்டில் தடவிப் பார்த்தே எத்தனை பாகம் போயிருக்கிறது என்று தெரியும்படி ஒவ்வோர் இடத்திலும் முடிச்சின் எண்ணிக்கை மாறும். நான்கு சகோதரிகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஒருவர் அன்று எங்கள் அலுவலகத்துக்கு வந்த அந்தத் தாயார். இன்னும் இரண்டு பேர் வேண்டும். படகுக்காரர்கள் தங்கள் படகின் முன்னணி அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள், மரக்கட்டை அறுக்கத் தச்சர் அன்று இங்கே இருப்பார், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.